சீன நகரங்களில் இரவு வாழ்க்கை, மக்கள், சாப்பாடு எல்லாம் நேரில் எப்படி இருக்கும்?

போய்வந்தவர்கள் சொல்லுங்கள், சீன நகரங்களில் ராத்திரி எப்படி இருக்கும், ஆட்கள் எப்படி, நம் நாக்குக்குச் சாப்பாடு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். பட்டன், ஜிப், லேஸ், லேபிள் பார்த்து வாங்க 2017இல் இருந்து தென் சீனாவில் இருக்கிற குவாங்சோவுக்குப் போய்வருகிறேன். கொரோனாவால் மூடிக் கிடந்த எல்லை 2023 ஜனவரியில் திறந்தது. அதற்குப் பிறகு போன இரண்டையும் சேர்த்து மொத்தம் ஐந்து பயணம். அந்த இரண்டிலும் வேலை முடிந்த கையோடு லீவு போட்டுவிட்டு சியான், செங்டு, சோங்சிங் என்று தனியாக ரயிலில் சுற்றினேன்.

இரவு வாழ்க்கை என்றதும் பலருக்கும் பாரும் டிஸ்கோவும்தான் ஞாபகம் வரும். அதெல்லாம் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் சீன நகரத்தின் ராத்திரி முதலில் பாட்டிகளுடையது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் பயணத்தில் நேரில் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன்.

குவாங்சோவில் நான் போகிற சோங்தா துணிச் சந்தை ஹாய்சூ பகுதியில் இருக்கிறது. தங்குவதும் அங்கேயேதான். ராத்திரி எட்டு மணிவாக்கில் முத்து ஆற்றங்கரைக்கு வந்தால் ஐம்பது அடிக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நாலைந்து வரிசையாக முப்பது நாற்பது பெண்கள் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் ஐம்பது, அறுபது வயது தாண்டியவர்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களுக்கு அங்கே ரொம்ப காலமாக ஓய்வு வயது 50தான். 2025இல் இருந்துதான் மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். உடம்பில் தெம்பும் கையில் நேரமும் உள்ள பெண்கள் ஊர் ஊருக்கு லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சமையலை ஆறரைக்கே முடித்துவிட்டு, பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே தாத்தாக்கள் சீட்டாடுவார்கள். யாராவது எர்ஹூ வாசித்துக்கொண்டிருப்பார், இரண்டே தந்தி உள்ள வாத்தியம் அது. ஒருவர் வாளி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, நீளமான ஸ்பாஞ்ச் தூரிகையால் தரையில் எழுத்து எழுதுவார். அது காய்கிற வரைக்கும் நாலு பேர் நின்று படிப்பார்கள்.

2023இல் ஒரு நாள் நான் கடைசி வரிசையில் போய் நின்று ஆடத் தொடங்கினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பாட்டு முடிந்ததும் ஓர் ஆயி என்னிடம் வந்தார். ஆயி என்றால் அம்மாவோடு பிறந்தவள் என்று பொருள். நம்மூரில் தெரியாதவரையும் பெரியம்மா என்கிறோமே, அதுபோல அங்கே வயதான பெண்கள் எல்லாருமே ஆயிதான். என் குர்தாவின் கீழ் மடிப்பைத் திருப்பி, தெருவிளக்கு வெளிச்சத்தில் தையலை உற்றுப் பார்த்தார். விரல் நகத்தால் தையலை ஒருமுறை நீவினார். பிறகு மொபைலில் பேசி, மொழிபெயர்ப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினார்: "நான் 22 வருடம் ஓவர்லாக் மெஷின் ஓட்டினேன். இது நல்ல தையல்." நானும் தையல் ஊரில் இருந்துதான் வருகிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இரண்டு மொபைல்களையும் மாற்றி மாற்றி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். பீஸ் ரேட் எவ்வளவு, நைட் ஷிஃப்ட் உண்டா, தோள்பட்டை வலிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆட்கள் எப்படி என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆயிதான். முதல் பார்வைக்குச் சீனர்கள் கொஞ்சம் விறைப்பாகத் தெரிவார்கள். கடையில் சிரிக்க மாட்டார்கள், வரிசையில் இடிப்பார்கள், சத்தம் போட்டுப் பேசுவார்கள். ஆனால் ஒரு வேலையையோ சாப்பாட்டையோ நடுவில் வைத்துப் பேச்சை ஆரம்பித்துவிட்டால் போதும், அந்த விறைப்பு போய்விடும். இந்தியா என்று சொன்னால் டாக்சிக்காரர் உடனே "மி ஷூ" என்பார். அமீர் கானை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், 'மி மாமா' என்பது மாதிரி. குவாங்சோ சந்தையில் எந்தப் பெண் போனாலும் "லெங் நுய்" என்று அழைப்பார்கள். அழகுப் பெண்ணே என்று அர்த்தம், ஆனால் நம்மூர் கடைக்காரர் "வாங்கக்கா" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு பெண்ணாக இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: ராத்திரி பதினொன்றரைக்கு அந்த நகரங்களில் தனியாக நடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட யாரும் பின்னால் வந்ததில்லை, உரசியதில்லை. மூலைக்கு மூலை கேமரா இருப்பது ஒரு காரணம்தான். ஆனால் அந்த நேரத்திலும் தெருவில் குழந்தைகளும் வயதான பெண்களும் இருப்பதுதான் எனக்குத் தைரியம் தந்தது. பெண்கள் நிறைந்த தெருவில் இன்னொரு பெண் தனியாகத் தெரிய மாட்டாள். நம் ஊரில் எட்டு மணிக்கு மேல் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது இதை எத்தனையோ முறை நினைத்து ஏங்கியிருக்கிறேன்.

சரி, சாப்பாடு. சீனாவில் ராச்சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும். ஆறு, ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுவார்கள்; சாதாரண ஓட்டல்களில் ஒன்பதுக்கு அடுப்பு அணைந்துவிடும். அப்புறம் பத்து மணிக்கு இரண்டாவது சுற்று ஆரம்பிக்கும். அதற்கென்றே தனிப் பெயர் உண்டு, குவாங்சோ பக்கம் சியாவ்யே என்பார்கள். பிளாஸ்டிக் ஸ்டூல், தாழ்ந்த மேசை, பூண்டை அள்ளிப் போட்டுச் சுட்ட சிப்பி, கம்பியில் கோத்த இறைச்சி, அப்புறம் கஞ்சி. ஆமாம், கஞ்சி. குவாங்சோ கஞ்சியில் அரிசி தெரியாது, அவ்வளவு குழைந்து பால் மாதிரி இருக்கும். அதில் மீன் துண்டும் வேர்க்கடலையும் இஞ்சியும் போட்டுச் சுடச்சுடத் தருவார்கள். இந்தச் சாப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது உலகம் முழுக்கப் போடுகிற பெயர் நம்முடைய 'கஞ்சி' என்ற சொல்லில் இருந்து, போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனதுதான். நள்ளிரவில் ஆற்றங்கரையில் அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வரும்.

பட்டன் சப்ளையர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால் இரண்டு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. ஒருவர் உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால், இரண்டு விரலை மடக்கி மேசையில் லேசாகத் தட்டுங்கள், அதுதான் நன்றி. கிளாஸை இடிக்கும்போது வயதில் மூத்தவரின் கிளாஸைவிட உங்களுடையதைத் தாழ்த்திப் பிடியுங்கள். பாய்ஜியூ என்கிற அவர்களுடைய சாராயம் 50 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். நான் குடிப்பதில்லை. "யி சா தாய் ஜியூ" என்று சொல்லித் தேநீர்க் கோப்பையைத் தூக்குவேன். மதுவுக்குப் பதில் தேநீர் என்று பொருள். அவர்களுடைய மரபிலேயே உள்ள வாசகம் என்பதால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

சியான் வேறு மாதிரி ஊர். முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் ஹூய் என்கிற சீன முஸ்லிம்களின் தெருக்கள். முதல் தெரு முழுக்க சுற்றுலாக் கூட்டம்தான். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவது கொஞ்சம் மேற்கே தள்ளியிருக்கும் சாஜின்சியாவ் தெருவில். அங்கே யாங்ரோ பாவ்மோ, அதாவது ஆட்டுச் சாறில் ரொட்டி, கேட்டேன். வந்தது ஒரு காலிக் கிண்ணம், கெட்டியான இரண்டு ரொட்டி, நம்பர் போட்ட ஒரு வில்லை. எதிரில் இருந்த தாடிக்காரப் பெரியவர் தன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் பஜ்ஜி அளவுக்குப் பிய்த்துப் போடுவதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு துண்டை எடுத்து, அதையே எட்டாகக் கிள்ளிக் காட்டினார். சோயா மொச்சை அளவுக்கு வர வேண்டும். பெரிதாக இருந்தால் ஆட்டுச் சாறு உள்ளே இறங்காது, நடுவில் மாவாகவே நிற்கும். இருபத்தைந்து நிமிடம் ஆனது, கட்டைவிரல் வலித்தது. பிய்த்த கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய், ஆட்டுச் சாறில் கொதிக்கவிட்டு, கறியும் கண்ணாடி சேமியாவும் போட்டுக் கொண்டுவந்தார்கள். தொட்டுக்கொள்ள இனிப்பில் ஊறிய பூண்டு. பெரியவர் என் முதல் வாய் போகிற வரைக்கும் தன் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் சாப்பிட்டுத் தலையசைத்த பிறகுதான் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அதே ராத்திரி பெரிய காட்டுவாத்துக் கோபுரத்துப் பக்கம் போனேன். அதற்குத் தெற்கே பழைய தாங் அரச வம்சக் காலத்துப் பாணியில் விளக்கு போட்ட நீண்ட வீதி இருக்கிறது. ஹான்ஃபூ என்கிற பழைய சீன உடையை வாடகைக்கு எடுத்து உடுத்தி, கொண்டை போட்டு, நெற்றியில் பூ வரைந்துகொண்டு இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் நடப்பார்கள். மகளோடு அம்மாவும் உடுத்தியிருப்பார். கோபுரத்துக்கு எதிரில் யுவான் சுவாங் சிலை. இந்தியாவில் இருந்து அவர் கொண்டுவந்த ஏடுகளைப் பாதுகாக்க 652இல் எழுப்பிய கோபுரம் அது. காஞ்சிபுரம் வரைக்கும் வந்து போனவர் அவர். எத்தனையோ மலையும் பாலையும் கடந்து நம் ஊர் பக்கம் வந்த மனிதர் அங்கே விளக்கொளியில் நிற்பதைப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன்.

செங்டுவும் சோங்சிங்கும் காரப் பிரியர்களுக்கான ஊர்கள். ஆனால் அது நம் காரம் இல்லை. ஹுவாஜியாவ் என்கிற மணியை அள்ளிப் போடுகிறார்கள். மிளகு மாதிரி இருக்கும், மிளகு அல்ல, எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. கடித்தால் உதடும் நாக்கும் விறுவிறுவென்று மரத்துப்போகும், பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு இருப்பது மாதிரி. முதல் நாள் பயந்துவிட்டேன். மூன்றாம் நாள் அது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்ததுதான். அது வருவதற்கு முன்பே அவர்களிடம் இருந்தது இந்த மரப்புதான். ஹாட்பாட் என்றால் மேசையிலேயே கொதிக்கிற குழம்பில் கறியும் காயும் முக்கி எடுத்துச் சாப்பிடுவது. சோங்சிங்கில் அந்தச் சட்டியை ஒன்பது கட்டமாகத் தடுத்திருப்பார்கள், நடுக்கட்டத்தில்தான் கொதி அதிகம். மாட்டுக் கொழுப்பில்தான் அந்தக் குழம்பை வைக்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வேண்டாதவர்கள் "சிங் யூ" என்று கேட்டால் தாவர எண்ணெயில் வைத்துத் தருவார்கள்.

பார்களையும் சொல்லிவிடுகிறேன். செங்டுவில் யூலின் சாலையில் ஆள் கிடார் வைத்துப் பாடுகிற சின்ன பார்கள் இருக்கின்றன. கிளப்களில் ஆடுவதைவிட மேசையில் உட்கார்ந்து பகடை குலுக்குவதுதான் அதிகம்: டப்பாவுக்குள் இருப்பதை மறைத்து எண்ணிக்கை சொல்ல வேண்டும், பொய் பிடிபட்டால் குடிக்க வேண்டும். கரோக்கி என்றால் தனி அறை எடுத்துக் குடும்பமாகப் பாடுகிறார்கள். ஷாங்காய் நதிக்கரை அழகுதான், படங்களில் பார்ப்பது போலவே இருக்கும். பத்து மணியை ஒட்டி விளக்கை அணைத்துவிடுவார்கள், முன்பே போங்கள். அங்கே நன்றாக ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் வந்து "தேநீர் விழா பார்க்கலாம் வாருங்கள்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். நான் போய் 600 யுவான் இழந்தேன், அப்போதைய கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். இன்னோர் ஊரில் வெளிநாட்டவரைப் பதிவு செய்யத் தெரியாது என்று ராத்திரி பத்து மணிக்கு ஒரு தங்கும் விடுதி என்னைத் திருப்பி அனுப்பியது. அறை போடும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

சைவக்காரர்களுக்கு: "வோ ச்சி சூ" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னாலும் கோழிச் சாறும் பன்றிக் கொழுப்பும் உள்ளே வரலாம், ஆகவே புத்தக் கோயிலை ஒட்டிய சாப்பாட்டுக் கடைதான் நிச்சயம். செங்டுவில் வென்ஷு மடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது, வெங்காயம் பூண்டுகூடப் போடமாட்டார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் கவலையே இல்லை, தக்காளி முட்டைப் பொரியல் இல்லாத கடை சீனாவில் கிடையாது. அலிபே என்கிற பணம் கட்டும் ஆப்பில் நம் கார்டை ஊரிலேயே இணைத்துவிட்டுப் போங்கள், கஞ்சிக் கடையிலும் மொபைல்தான். அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம், தேசிய விடுமுறைக்கு நாடே ரயிலில் இருக்கும்.

அந்த ஆயி 2023இல் பிரியும்போது தன் குழுவின் பழைய டி-ஷர்ட்டைக் காட்டி, உன் ஊரில் இந்த மாதிரிச் சிவப்பில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அடுத்த வருடம் போகும்போது 26 டி-ஷர்ட் தைத்து எடுத்துப் போனேன், சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள பருத்தி, எல்லாம் ஸ்மாலும் மீடியமும். அதே இடத்தில், அதே எட்டு மணிக்கு இருந்தார். பையைப் பிரித்ததும் முதலில் ஒன்றை எடுத்துக் கீழ் மடிப்பைத் திருப்பி விளக்கில் பிடித்தார், நகத்தால் நீவினார். பிறகு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார். அங்கேயே போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்கள். ஒன்று மிச்சம் இருந்தது. அதை என் தலை வழியாக மாட்டிவிட்டு, கடைசி வரிசையில் இருந்து முதல் வரிசைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.