உங்க இஷ்டம்

அன்புள்ள அக்கா,

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 36. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். மனைவிக்கு 31. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு வருடமாக ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். மகளுக்கு நாலு வயது. அப்பா இல்லை. அம்மா எங்களோடுதான் இருக்கிறார், சர்க்கரையும் முட்டி வலியும் உண்டு.

கனடா போய்விடலாமா என்று இரண்டு வருடமாக யோசனை. எல்லாம் மகளுக்காகத்தான். இங்கே எல்.கே.ஜி.க்கே 90 ஆயிரம் கட்டினேன். என்னோடு படித்த மூன்று பேர் டொராண்டோ பக்கம் இருக்கிறார்கள். ஒரு ஏஜென்ட் என் பெயரில் ஃபைல் போடலாம் என்கிறார். என் வயதுக்குப் புள்ளி குறைவாம். அதனால் அங்கே ஒரு கம்பெனியில் வேலை ஆஃபர் லெட்டர் வாங்கித் தருவாராம், 50 புள்ளி கூடுமாம், அதற்கு ஆறு லட்சம். சரவணம்பட்டியில் ஒரு சைட் இருக்கிறது, விற்றால் சமாளிக்கலாம். பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றும் நினைக்கிறேன். மனைவியிடம் கேட்டால் “உங்க இஷ்டங்க” என்கிறாள்.

நீங்கள் பதினேழு வருடமாக அங்கே இருப்பவர். போகலாமா, வேண்டாமா? பெயர் மட்டும் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது புள்ளி போட்டு ஆள் எடுக்கும் கனடாவின் குடியேற்ற முறையில், வேலை ஆஃபருக்கு ஒரு புள்ளியும் கிடையாது. முன்பு 50, பெரிய நிர்வாகப் பதவி என்றால் 200 என்று இருந்தது, இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு ஒரு காரணமே இப்படி லெட்டரை விலைக்கு விற்றவர்கள்தான். பொய்யான கடிதத்தை வைத்து விண்ணப்பித்து மாட்டிக்கொண்டால் ஐந்து வருடம் கனடா பக்கமே வர முடியாது. அந்த ஏஜென்ட்டுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. இன்றைக்கே அவரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி. “உங்க இஷ்டங்க.”

2007-இல் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு நானும் அதையேதான் சொன்னேன். என் கணவர் நல்ல மனிதர், கேட்காமல் எதையும் செய்கிறவர் இல்லை. ஆனால் அவர் என்னிடம் கேட்டபோது ஃபைல் போட்டு பல வருடம் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் காப்பி, மதிப்பெண் பட்டியல் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த “உனக்குச் சம்மதம்தானே?” என்ற கேள்விக்கு வேறு என்ன பதில் இருக்கிறது? நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். அங்கே போனால் என் வேலை என்னவாகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2008-இல் மூன்று வயதுப் பையனோடு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வந்து இறங்கினோம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அரசுப் பள்ளியில் பாடம் நடத்த உரிமம் வேண்டும் என்பது வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பையனை டேகேரில் விட ஆகும் செலவு என்னால் சம்பாதிக்க முடிந்ததைவிட அதிகம். வீட்டில் இருந்தேன். அப்புறம் ஒரு காபிக் கடையில் இரண்டு வருடம். உரிமம் கையில் வந்தபோது 2014. ஆறு வருடம் தம்பி. அந்த ஆறு வருடத்தில் நான் கணவரிடம் பேசிய பேச்சில் பாதி கோபம். அது எதன்மேல் கோபம் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் கனடா கேட்கிற ஆள் உங்கள் மனைவிதான், நீங்கள் இல்லை. இதை அந்த ஏஜென்ட் உங்களுக்குச் சொல்லவில்லை, சொன்னால் லெட்டர் விற்க முடியாது என்பதால் இருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். கணவன் மனைவி சேர்ந்து போகும்போது, ஃபைலில் முதல் விண்ணப்பதாரர் யாரோ அவருடைய வயதுக்குத்தான் புள்ளி. 20 முதல் 29 வரை 100. முப்பதிலிருந்து வருடத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறையும். உங்கள் 36-க்கு 65, அவருடைய 31-க்கு 90. வயதில் மட்டும் 25 புள்ளி வித்தியாசம். 2023 முதல் மருத்துவத் துறையினருக்கென்று ஆள் எடுக்கும் தனிச் சுற்றுகள் நடத்துகிறார்கள், நர்ஸ்கள் அதில் வருவார்கள். ஆங்கிலத் தேர்வு இருவரும் எழுதலாம், ஆனால் அவருடைய மதிப்பெண்தான் ஃபைலைத் தூக்கும். ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் கேட்பதில் 8, மற்ற மூன்றிலும் 7 என்று வந்துவிட்டால் புள்ளி ஒரேயடியாக ஏறும். போட்டி முன்பைவிடக் கடுமை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025-இல் ஐந்து லட்சம் பேரை எடுப்போம் என்று சொல்லியிருந்தவர்கள், 2024 அக்டோபரில் அதை 3,95,000 ஆகக் குறைத்தார்கள். 2026-க்கு 3,80,000.

ஆனால் பி.ஆர். என்ற நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைப்பது வேறு, நர்ஸாக வேலை செய்வது வேறு. இந்த இடத்தில்தான் நிறைய வீடுகள் இடறுகின்றன. ஒன்டாரியோ என்றால் அங்குள்ள காலேஜ் ஆஃப் நர்சஸ் என்ற அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். பெயரில் காலேஜ் இருந்தாலும் அது நம் ஊர் நர்சிங் கவுன்சில் மாதிரி. படித்த இடத்திலிருந்தும் பதிவு செய்த கவுன்சிலிலிருந்தும் காகிதங்கள் வந்து சேர வேண்டும். இவற்றுக்காக கோவையில் இருந்தபடி நடையாய் நடப்பது கஷ்டம், டொராண்டோவில் இருந்துகொண்டு தம்பியையோ மச்சானையோ அனுப்பிக் கேட்பது அதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். பிறகு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு. கம்ப்யூட்டரில் 85 முதல் 150 கேள்வி, நீங்கள் பதில் சொல்லச் சொல்ல அதற்கேற்ப அடுத்த கேள்வி மாறும், ஐந்து மணி நேரம். இதைச் சென்னையிலேயே எழுதலாம். அண்மையில் பணியில் இருந்ததற்கான சான்றும் கேட்பார்கள். ஆக, முதலில் போவோம், குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் அவள் ரிஜிஸ்ட்ரேஷன் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அவருடைய எட்டு வருட ஐ.சி.யூ. அனுபவத்தைக் கரைக்கும். எங்கள் கட்டடத்தில் கேரளாவிலிருந்து வந்த ஒரு பெண் ஐந்தாவது வருடமாக முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறாள். ஊரில் அவள் வார்டு இன்சார்ஜ். அவள் கணவருக்கு வந்த நாலாவது மாதம் வேலை கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிறது.

உங்கள் வேலையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. லைசென்ஸ் இல்லாமலே டிசைன் பிரிவில் வேலை தேடலாம். பி.இங். என்ற இன்ஜினியர் உரிமம் வாங்க நினைத்தாலும், கனடாவில் வேலை செய்த அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோ 2023-இல் எடுத்துவிட்டது.

மகளுக்காக என்கிறீர்கள். நாலு வயது ஆகும் வருடத்தின் செப்டம்பரில் இங்கே அரசுப் பள்ளியில் ஜூனியர் கிண்டர்கார்டன் தொடங்கிவிடும், கட்டணம் இல்லை. நல்ல பள்ளிகள்தான். என் மகன் அதில்தான் படித்தான். ஆனால் அவனிடம் “உனக்காகத்தான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம்” என்று நாங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அவனுக்கு கால்குலஸில் 61 வந்தது. அன்றைக்கு ராத்திரி என் அறை வாசலில் வந்து நின்று, “சாரிம்மா, நீங்க வந்தது வேஸ்ட் ஆயிடுச்சு” என்றான். ஒரு கணக்குப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை கேட்கிற மன்னிப்பா அது? நாங்கள் ஏற்றி வைத்த பாரம். தயவுசெய்து உங்கள் மகள்மேல் அதை வைக்காதீர்கள். உங்களுக்கு வெளிநாட்டில் வாழ்ந்து பார்க்க ஆசை, நண்பர்கள் மூன்று பேர் போய்விட்டார்கள், நாம் பின்தங்கிவிட்டோமோ என்று மனசு அரிக்கிறது. அதில் ஒரு தப்பும் இல்லை. அதை அப்படியே சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

“பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம்.” எங்களுக்குத் தெரிந்த எல்லோரும் இதைச் சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள். முதல் வருடம் வீடு, வேலை, குளிர் என்று போய்விடும். வேலைக் கடிதம் இல்லாதவருக்கு வீடு கிடைப்பதே பாடு, முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையும் முன்பணமாகக் கேட்பார்கள். பலருக்கு முதல் வீடு யாருடையதாவது பேஸ்மென்ட்தான். கொண்டு வந்த காசில் பெரும்பகுதி கரைந்த நிலையில் திரும்பிப் போக மனசு வராது. பி.ஆர். நிலைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் இங்கே இருக்க வேண்டும். குடியுரிமைக்கு 1,095 நாள். சரி, அதையும் வாங்கிக்கொண்டே போவோம் என்று தோன்றும். வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், நமக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது, விசா இல்லாமல் ஊருக்கு வந்துபோக உதவும் ஓ.சி.ஐ. அட்டைதான். இதெல்லாம் முடியும்போது பிள்ளைக்குப் பத்து வயது. 2015-இல் நாங்கள் உண்மையாகவே கிளம்பப் பார்த்தோம். பையனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். இங்கே பள்ளி வாரியமே சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறது, நான்தான் சோம்பல்பட்டு அனுப்பவில்லை. ஆறாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கத் துணிவு வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார், 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். நான் புலம்பும்போதெல்லாம் “உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு கிடக்குது பிள்ளை” என்பார். அவர் வேறொன்றும் சொல்ல மாட்டார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

அதனால் சைட்டை விற்பதாக இருந்தாலும், அம்மா இருக்கிற வீட்டில் கை வைக்காதீர்கள்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி நைட் டியூட்டி போகும்போது மகள் யார் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள்? அம்மா பக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் சாதாரணம். அந்த நேரத்தில் குழந்தையை எழுப்பி, குளிப்பாட்டி, ஸ்னோ சூட் மாட்டி, பள்ளியில் விட்டு, கூட்டி வர வேண்டியவர் நீங்கள். செய்வீர்களா? பெற்றோரை நிரந்தரமாக அழைப்பதற்கான விருப்பப் படிவத்தை 2020-க்குப் பிறகு திறக்கவே இல்லை, 2025-இலும் அன்றைக்குப் பதிந்தவர்களிலிருந்துதான் ஆள் எடுத்தார்கள். பெற்றோர் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனால் அரசு மருத்துவக் காப்பீடு அவருக்குக் கிடையாது, ஒரு லட்சம் டாலருக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் பிரீமியம் கூடும். என் அம்மா மே மாதம் வந்தார், அக்டோபரில் “ஊருக்கு அனுப்பிவிடு” என்று அழுதார். பேசுவதற்கு ஆளில்லாத பகல்களை அவரால் தாங்க முடியவில்லை.

போகலாமா, வேண்டாமா என்று கேட்டீர்கள். உங்கள் மனைவிக்குக் கனடா போய் நர்ஸாக இருக்க ஆசை என்றால், அவர் பெயரில் ஃபைல் போட்டு, பதிவு வேலையைக் கோவையிலிருந்தே தொடங்கி, என்கிளெக்ஸ் முடித்துவிட்டுப் போங்கள். ஒரு வருடம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. அவருக்கு ஆசை இல்லை என்றால் போகாதீர்கள், அவர் மறுக்கவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். ஆனால் “போகலாமா” என்று அவரிடம் மறுபடி கேட்டால் மறுபடி அதே பதில்தான் வரும். அவருக்கு டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, இந்தப் பதிலை அவரைப் படிக்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் சைட்டுக்கு விலை பேச வேண்டாம்.

அன்புடன்,
அக்கா