பெயின்ட் அடிக்கும் முன் டேங்கைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: மன்னவனூர் பக்கம் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். தோட்டத்து மண்பாதையில் ஓட்ட ஒரு பழைய கார்புரேட்டர் பைக்கைக் கரடுமுரடுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கிறேன். அதன் பெட்ரோல் டேங்க் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கம்பெனி டேங்க் எங்கும் கிடைக்கவில்லை. 9 லிட்டருக்குப் பதில் 14 லிட்டரில் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். வத்தலக்குண்டில் ஒருவர் ஜிஐ தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்பு) 3,500 ரூபாய் சொல்கிறார். இன்னொருவர் அலுமினியத்தில் 9,000. ஃபைபரிலும் முடியும் என்கிறார்கள். எதில் செய்வது?

பதில்: ஜிஐ வேண்டாம், ஃபைபரும் வேண்டாம். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். உங்கள் ஊர் மூடுபனியில் பாதி காலியாக நிற்கும் டேங்கின் உட்சுவரில் இரவில் நீர் கோக்கும். அந்த நீர் அடியில் போய்த் தங்கும். பழைய டேங்க் அடியில் ஓட்டையானதும் இதனால்தான் இருக்கும். ஜிஐ தகட்டின் துத்தநாகப் பூச்சு இந்த ஈரத்தில் அரித்து, வெள்ளை மாவாக உதிர்ந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். வெல்டிங் வைக்கும் இடத்தில் அந்தப் பூச்சு புகைந்து போய்விடுவதால் தையலில் ஊசி ஓட்டைகளும் விழும். சாதாரண பாலியஸ்டர் ரெசினில் செய்த ஃபைபர், எத்தனால் பட்டால் நாளடைவில் இளகிவிடும்.

மிச்சம் இரண்டு. 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, 1 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைவிட எடை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் ஆர்கான் வெல்டிங் நன்றாகத் தெரிந்த கை வேண்டும். ஃபிரேமில் ரப்பர் புஷ் இல்லாமல் இறுக்கி முடுக்கினால் அதிர்வில் விரிசல் விடும். நான் என்றால் 1 மில்லிமீட்டர் சிஆர் தகட்டில்தான் (துத்தநாகப் பூச்சு இல்லாத இரும்புத் தகடு) செய்வேன். விரிசல் விட்டாலும் பக்கத்துப் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ளலாம். துருவுக்கு மருந்து, வண்டி நிற்கும் நாட்களில் டேங்கை நிறைத்து வைப்பதுதான்.

தகடு வெட்டும் முன் அட்டையில் ஒரு மாதிரி செய்து ஃபிரேமில் வைத்துப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் இடிக்கக் கூடாது. டேங்க் ஃபிரேம் குழாயின் இரு பக்கமும் கால் போட்டது போல உட்காருவதால், பெட்ரோல் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) இல்லாத பக்கத்தில் இறங்கும் பெட்ரோல் அங்கேயே தேங்கிவிடும். 14 லிட்டருக்குச் செய்துவிட்டு இரண்டு லிட்டர் எட்டாமல் கிடந்தால் என்ன பயன்? இரண்டு கால்களையும் அடியில் ஒரு சின்ன குழாயால் இணைக்கச் சொல்லுங்கள். உள்ளே நடுவில் மூலை வெட்டிய ஒரு தடுப்புத் தகடும் வேண்டும். இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் பாதி டேங்க் பெட்ரோல் ஒரே பக்கம் சாய்ந்து வண்டியைத் தள்ளும்.

மூடியில் காற்றுத் துளை கட்டாயம். அது அடைத்தால் கொஞ்ச தூரத்திலேயே பெட்ரோல் இறங்காமல் இன்ஜின் நின்றுபோகும். பெட்ரோல் ஊற்றும் கழுத்து டேங்குக்குள் ஒரு அங்குலமாவது இறங்கியிருக்கட்டும், அப்போது மேலே கொஞ்சம் காற்றிடம் மிஞ்சும். அது ஏன் என்றால், கொடைக்கானலில் விடியற்காலை 10 டிகிரியில் விளிம்பு வரை நிரப்பி, மத்தியானம் 35 டிகிரியில் வத்தலக்குண்டில் நின்றால் 14 லிட்டர் பெட்ரோல் 300 மில்லிக்கு மேல் பெருகும். இடம் இல்லாவிட்டால் அது மூடி வழியாக இன்ஜின் மேல்தான் ஒழுகும்.

இனி காசு விஷயம். நீங்கள் காசு கொடுப்பது தகட்டுக்கு அல்ல, தையலுக்கு. ஒருமுறை நானும் ஒரு பட்டறையில் டேங்க் செய்து வாங்கினேன். பட்டி பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் பெருமாள்மலை இறக்கத்தில் பெட்ரோல் வாடை அடித்தது. நிறுத்திப் பார்த்தால் முழங்கால் பக்கத்துத் தையலிலிருந்து சொட்டுச் சொட்டாக, சூடான சிலிண்டருக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே பசையை வைத்து ஓட்டையை அடைத்திருந்தார்கள். பில் கேட்டு வாங்காததால் அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் பாதிப் பணம் முன்பணமாக, மீதி டேங்கை வெறும் தகடாகச் சோதித்த பிறகு என்று பேசிக்கொள்ளுங்கள். எல்லா வாயையும் அடைத்து சைக்கிள் பம்பில் 2 அல்லது 3 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, தையல் முழுக்க சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றக் கூடாது, தட்டையான பக்கம் உப்பிவிடும். அப்புறம் காற்றை இறக்கிவிட்டு, தையலின் வெளிப்புறம் சாக்பீஸ் மாவைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். நுரையில் தெரியாத ஓட்டைகூடக் காலையில் வெள்ளைப் பூச்சில் கடுகளவு கருப்பாகத் தெரியும். பில்லில் தகட்டின் வகை, தடிமன், கொள்ளளவு மூன்றும் எழுதி வாங்குங்கள். பின்னால் ஒழுகினால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள்.

தோட்டத்தை விட்டு ரோட்டில் ஏறும் வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: என்னுடையது பிஎஸ்6 இன்ஜெக்ஷன் பைக். பண்ணைக்காட்டிலிருந்து நீண்ட தூரம் போவதால் பெரிய டேங்க் செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்ப்பும் அளவு காட்டும் கருவியும் டேங்குக்குள்ளேயே இருக்கின்றன. அவை உட்காரும் வட்டம் கொஞ்சம் கோணினாலும் ரப்பர் வளையம் பிடிக்காது. தேவை என்றால் 5 லிட்டர் இரும்பு கேன் ஒன்றை கேரியரில் தாழ்வாகக் கட்டிக்கொள்ளுங்கள், நிரம்பினால் பெட்ரோல் மட்டும் நாலு கிலோவுக்குள்தான் இருக்கும். விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை மொத்தம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்க பெட்ரோலியச் சட்டம் அனுமதிக்கிறது; உலோகக் கேன் ஒன்று 25 லிட்டரைத் தாண்டக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: பழைய டேங்க் ஓட்டைக்கு வெல்டிங் வைக்கலாம் என்கிறார் பட்டறைக்காரர். பெட்ரோலை வடித்து ஒரு வாரம் ஆகிவிட்டது. தாண்டிக்குடி குளிரில் பயமில்லையே?

பதில்: பயம் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பெட்ரோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் மலைக் குளிர் அதற்கு ஒன்றுமே இல்லை. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு ஆவி கலந்திருந்தாலே வெடிக்கும். துருவுக்குள் ஊறியிருக்கும் பெட்ரோல், தகடு சூடானதும் வெளியே வரும். சோப்புத் தூள் போட்ட வெந்நீரில் பலமுறை கழுவி, மூடி, பெட்ரோல் காக் இரண்டையும் கழற்றிவிட்டு, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பித்தான் நெருப்பு வைக்க வேண்டும். "அதெல்லாம் தேவையில்லை, எத்தனை டேங்க் பார்த்திருக்கிறேன்" என்று சொல்பவரிடம் டேங்கைக் கொடுக்காதீர்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்திலும் நிற்காதீர்கள்.