உள்ளுணர்வும் கைப்பழக்கமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோட்டுக்கு அருகே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், உள்ளுணர்வின் வழியே ஓவியம் தீட்டக் கற்றுத்தரும் மூன்று நாள் முகாமில் கலந்துகொண்டேன். கண்ணை மூடி அமர்ந்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். பிறகு எதையும் யோசிக்காமல் வண்ணத்தை எடுத்துத் தாளில் இடச் சொன்னார்கள். முதல் நாளே அழுதுவிட்டேன். அவ்வளவு விடுதலையாக இருந்தது. வீடு திரும்பி அதே முறையில் 12 ஓவியங்கள் தீட்டினேன். இப்போது அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன: நடுவில் ஒரு சுழல், சுற்றிலும் நீலமும் ஊதாவும். முறையான பயிற்சி உள்ளுணர்வைக் கொன்றுவிடும் என்று அங்கே சொன்னார்கள். நானோ 20 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு இலையைப் பார்த்து இலை வரையத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நான் செய்துவந்தது தவறா? இயற்கையிலிருந்தும் ஆன்மிகத்திலிருந்தும் ஊற்றெடுக்கும் ஓவியம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா, இல்லை அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதா? அந்தப் பன்னிரண்டையும் நான் என்ன செய்வது?

க.

அன்புள்ள க.,

அப்படி ஓர் ஓவியம் உண்டு. அதை ஐயமில்லாமல் சொல்ல முடிவதற்குக் காரணம், ஸ்வீடனைச் சேர்ந்த ஹில்மா அஃப் கிளிண்ட் என்ற ஓவியர். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவருடைய வாழ்க்கைதான் நினைவுக்கு வந்தது. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவர் தன் கைவேலையாலேயே விடை சொல்லியிருக்கிறார் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஹில்மா 1862இல் பிறந்தார். தந்தை கடற்படை அதிகாரி. கோடைக்காலங்களை மேலாரன் ஏரியிலுள்ள அடெல்சோ தீவில், வயலும் காடும் நீரும் சூழ்ந்த குடும்பப் பண்ணையில் கழித்தவர். 1882இலிருந்து 1887 வரை ஸ்டாக்ஹோம் அரச கலைக்கழகத்தில் முறையாகப் பயின்று சிறப்பாகத் தேறினார். அதன்பின் நிலக்காட்சிகளும் உருவப்படங்களும் தீட்டிப் பிழைத்தார். தாவரங்களைத் துல்லியமாக வரைந்தார். கால்நடை மருத்துவ நிறுவனம் ஒன்றில் வரைவாளராகவும் பணியாற்றினார். ஒரு விலங்கின் உடலை மருத்துவர் பயன்படுத்தும்படி வரைவதில் கோடு ஒன்று தவறினாலும் படம் பயனற்றதாகிவிடும். அந்த வேலையைச் செய்த கை அது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1896இல் ஹில்மாவும் நான்கு தோழியரும் சேர்ந்து 'ஐவர்' என்ற சிறு குழுவாகக் கூடத் தொடங்கினார்கள். பிரார்த்தனை, தியானம், வேதாகம வாசிப்பு, அதன்பின் ஆவி உலகத்தோடு தொடர்புகொள்ளும் முயற்சி என்று அக்கூட்டங்கள் நடந்தன. பென்சிலைப் பிடித்துக்கொண்டு, கையை அதன் போக்கில் விட்டு, வருவதை வரைந்தார்கள். உங்கள் முகாமில் மூன்று நாளில் செய்ததை அவர்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் செய்தார்கள். 1906இல்தான், ஒரு கோயிலுக்கான ஓவியங்களைத் தீட்டும் பணி மேலுலகிலிருந்து தமக்கு அளிக்கப்பட்டதாக உணர்ந்து ஹில்மா அதை ஏற்றார். 1915 வரை, இடையில் நான்கு ஆண்டு நிறுத்தத்துடன், அந்த வரிசையில் 193 ஓவியங்கள் உருவாயின. நிறுத்தத்தின்போது பார்வையிழந்த தாயைப் பராமரிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது.

அவற்றுள் 'பத்துப் பெரிய ஓவியங்கள்' 1907இன் இறுதியில் ஏறத்தாழ 40 நாளில் முடிந்தவை. ஒவ்வொன்றும் பத்து அடிக்கு மேல் உயரம், ஏறத்தாழ எட்டு அடி அகலம். தாளில் டெம்பரா என்ற, முட்டைக்கரு போன்ற பசையில் குழைத்த வண்ணத்தால் தீட்டிப் பிறகு கித்தானில் ஒட்டப்பட்டவை. குழந்தைமை, இளமை, முதிர்ச்சி, முதுமை என்று மனித வாழ்வின் பருவங்கள் அவற்றில் வளர்கின்றன: குழந்தைமைக்கு நீலப் பின்னணி, இளமைக்கு ஆரஞ்சு, முதிர்ச்சிக்கு வெளிர் ஊதா. இதழ்கள், விதைகள், நத்தைச் சுழல்கள், மனிதர் எவரும் படிக்க முடியாத எழுத்துகள் அவற்றில் மிதக்கின்றன. முன்வரைவு இல்லாமல், எதைக் குறிக்கின்றன என்றே தெரியாமல், அவை தன் வழியே பெரும் விசையோடு வந்தன என்றும், ஒரு தூரிகை வீச்சைக்கூட மாற்ற நேரவில்லை என்றும் அவர் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். நான் அதை அப்படியே நம்புகிறேன். வந்தது எங்கிருந்து என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் எட்டடி அகலத் தாளில் ஒரு வளைகோட்டைத் தடுமாறாமல் இழுத்து முடிக்கும் தோளும் மணிக்கட்டும் எங்கிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியும். அவை கலைக்கழகத்தின் ஐந்து ஆண்டுகளிலிருந்தும், அதற்குப் பின் வரைந்த நூற்றுக்கணக்கான செடிகளிலிருந்தும் வந்தன. பயிற்சி உள்ளுணர்வைக் கொல்லும் என்று உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார். பயிற்சியில்லாத கையில் உள்ளுணர்வு வந்து இறங்கினாலும், இறங்கிய வடிவத்தில் அது தாளைச் சேர்வதில்லை.

இங்கே ஒன்றை இடையிட்டுச் சொல்ல வேண்டும். ஹில்மா உறுப்பினராக இருந்த பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாற்றில்தான் இருக்கிறது. எண்ணங்களுக்கும் உணர்ச்சிகளுக்கும் நிறமும் வடிவமும் உண்டு என்று அந்தச் சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் படங்களுடன் எழுதியதை அக்காலத்து ஐரோப்பிய ஓவியர் பலர் ஆர்வத்துடன் படித்தார்கள். அங்குள்ள ஆலமரத்தடிக்கு எத்தனையோ முறை போய்வந்த நம்மில் பலருக்கு, நவீன ஓவியத்தின் வேர்களில் ஒன்று அங்கேயும் ஓடுகிறது என்பது தெரியாமலே போய்விட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி, உங்கள் 12 ஓவியங்களும் ஒன்றுபோல் இருப்பதற்கு வருகிறேன். இதற்குத்தான் ஹில்மாவின் பிற்கால வேலை நேரடியாக விடை தருகிறது. கோயில் ஓவியங்கள் முடிந்த பிறகு, மேலாரன் ஏரியின் மன்சோ தீவில் வசித்தபோது, 1919, 1920 ஆண்டுகளின் வசந்தத்திலும் கோடையிலும் அவர் மறுபடியும் பூக்களை வரைய உட்கார்ந்தார். தொடங்கியபோது அவருக்கு 56 வயது. பத்தடி உயர ஓவியங்களைத் தீட்டியவர், ஒரு சிறு காட்டுப்பூவின் காம்பு எங்கே மயிரடர்ந்திருக்கிறது, எங்கே வழவழப்பாக இருக்கிறது என்று பார்த்து வரைகிறார். லிண்டன் மரத்தின் கிளை, சூரியகாந்தி என்று தாள்கள் சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் செடியின் அறிவியல் பெயர் இருக்கும். செடிக்குப் பக்கத்தில் சிறு சதுரமோ வட்டமோ சுழலோ வண்ணமிட்டு வரையப்பட்டிருக்கும். அந்தச் செடி மனித உள்ளத்தின் எந்தக் குணத்தைச் சொல்கிறது என்ற குறிப்பும் இருக்கும். 46 தாள்கள் கொண்ட இந்தத் தொகுப்பை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2022இல் வாங்கி, 2025இல் காட்சிக்கு வைத்தது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கக் கிடைக்கின்றன. உங்கள் மாணவர்களுக்கும் காட்டுங்கள்.

அந்தத் தாள்களில் என்னை அசைப்பது அவற்றின் வரிசைமுறை. அருவ வடிவம் தனியாக வரவில்லை. பார்த்து வரைந்த செடிக்கு அருகில், அதற்குக் கடன்பட்டதாக வந்து நிற்கிறது. இதன்பின், 1922இலிருந்து, நனைந்த தாளில் நீர்வண்ணத்தைப் பரவவிட்டு, கோடே இல்லாமல், பூக்களையும் மரங்களையும் உற்றுநோக்கி எழுந்த உணர்வை அவர் தீட்டத் தொடங்கினார். அதாவது மீண்டும் உள்ளுணர்வுக்குப் போனார், ஆனால் இரண்டு கோடைக்காலம் செடிகளின் முன் உட்கார்ந்து எழுந்த பிறகு.

கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால், கை தன்னிடம் இருப்பதைத்தான் எடுத்துத் தரும். முதல் நாள் உங்களுக்கு அழுகை வந்ததற்குக் காரணம், பல ஆண்டுகளாக உள்ளே சேர்ந்திருந்ததைக் கை முதன்முதலாகத் தடையில்லாமல் எடுத்தது என்றே எண்ணுகிறேன். அந்த அழுகை உண்மையானது, அதைச் சந்தேகிக்காதீர்கள். ஆனால் குதிரில் நெல் போடாமல் அள்ளிக்கொண்டே இருந்தால் அடிமண் வந்துவிடும். உங்கள் சுழல் எந்தக் கொடியின் சுழல், எந்தச் சங்கின் சுழல்? கடிதத்தில் அது இல்லை.

எங்கள் வீட்டுப் பின்புறப் பந்தலில் பீர்க்கங்கொடி ஏறியிருக்கிறது. சென்ற மாதம் அதன் பற்றுக்கம்பி ஒன்றை வரைந்தேன். நுனி கயிற்றைப் பற்றியதும் நடுப்பகுதி கம்பிச்சுருளாகச் சுருளத் தொடங்குகிறது. நினைவிலிருந்து வரைந்தபோது சுருள் முழுவதையும் ஒரே திசையில் போட்டேன். அருகில் போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. பாதி வழி ஒரு திசையில் சுருண்டு, நடுவில் ஒரு நெல்மணி நீளத்துக்கு நேராக ஓடி, மறுபாதி எதிர்த்திசையில் சுருள்கிறது. ஒரு முனை தண்டிலும் மறுமுனை கயிற்றிலும் கட்டுண்டு கிடப்பதால் முறுக்கு ஒரே பக்கம் ஏற முடியாது. ஏறிய அளவுக்கு எதிர்ப்பக்கமும் ஏறியாக வேண்டும். அந்த நடுத்துண்டு, சுருள் தன் திசையை மாற்றிக்கொள்ளும் இடம், அன்று முழுவதும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. தியானத்தில் உட்கார்ந்து பெற முடியாத ஒன்றை அந்தக் கொடி தந்தது. இனி நான் எந்தச் சுழலை வரைந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாலும், அந்தத் திருப்பம் அதில் எங்காவது இருக்கும்.

ஆகவே பிள்ளைகளுக்கு இலையைப் பார்த்து இலை வரையச் சொல்லிக்கொடுத்தது தவறில்லை. அதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். முகாமில் கற்ற மௌனத்தையும் விட்டுவிட வேண்டாம். வரையத் தொடங்கும் முன் பத்து நிமிடம் அந்த இலையின் முன் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள், நீங்களும் உட்காருங்கள்.

ஏமாற்றிக்கொள்வதா என்று கேட்டிருந்தீர்கள். ஹில்மா தனக்கு வந்ததை வந்தபடியே விட்டுவிடவில்லை. கோயில் ஓவியங்கள் ஒவ்வொன்றையும் சிறு நீர்வண்ணப் படியாகவும் கறுப்புவெள்ளைப் புகைப்படமாகவும் பத்து நீலநிற ஏடுகளில் சேர்த்துவைத்தார். தன் குறியீடுகளுக்கும் எழுத்துகளுக்கும் தானே அகராதி தொகுத்தார். பழைய குறிப்பேடுகளை முதுமைவரை திருத்தியும் படியெடுத்தும் வந்தார். 1944இல் அவர் இறந்தபோது 1,200க்கு மேற்பட்ட ஓவியங்களும் ஏறத்தாழ 26,000 பக்கக் குறிப்புகளும் இருந்தன. தன்னை ஏமாற்றிக்கொள்பவர் தன் வேலையை இவ்வளவு முறை திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்களும் 12 ஓவியங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, அவை ஒன்றுபோல் இருப்பதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பன்னிரண்டையும் கிழிக்க வேண்டாம், சட்டமிட்டு மாட்டவும் வேண்டாம். தம் கோயில் ஓவியங்களை, தான் இறந்து 20 ஆண்டுகள் ஆகும்வரை பொதுப் பார்வைக்கு வைக்கக் கூடாது என்று ஹில்மா கேட்டுக்கொண்டார். அவை அண்ணன் மகனின் பொறுப்பில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. உங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஒவ்வொன்றின் பின்புறமும் தேதியிட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். இந்தப் பருவத்தில் உங்கள் பக்கத்து வேலிகளில் கோவைக்கொடி படர்ந்திருக்கும். அதன் பற்றுக்கம்பியை நாளுக்கு ஒன்றாக முப்பது நாள் வரைந்துவிட்டு, பதின்மூன்றாவது ஓவியத்தைத் தீட்டுங்கள். முடிந்தால் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள்.