வாத்தியார் பதில்கள்: பதினைந்து கையெழுத்து

கேள்வி: மகளை அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் திண்டாடுவாள் என்று கணவர் வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், கிள்ளான், மலேசியா

பதில்: தயங்காமல் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிடுங்கள், அம்மா. மலாயும் ஆங்கிலமும் அங்கே முதலாம் ஆண்டிலிருந்தே பாடங்கள்தாம். இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவத்தில் சில மாதங்கள் திணறலாம், அதை நான் மறைக்கவில்லை. இப்போதிருந்தே தினம் இரண்டு பக்கம் மலாய்க் கதைப்புத்தகம் வாசிக்க வையுங்கள், சமாளித்துவிடுவாள். 31 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

என் கவலையெல்லாம் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்த பிறகு வருவதைப் பற்றித்தான். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 2016-இல் தமிழ்க்கல்வியின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடினோம். ஆனால், ஆறாம் ஆண்டு முடிந்ததும் எத்தனை வீடுகளில் தமிழ்ப் புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது! பன்னிரண்டு வயதோடு நின்றுபோன தமிழை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை நாளை எந்த இலக்கியத்தைத் தொடும்?

1996 கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பதினைந்தே பேர்! ஒரு வருடம் அந்தக் கையெழுத்துகளுக்காக நானே வீடு வீடாகப் போனேன். பதினான்கு கிடைத்தன. அதற்கு மேல் யாரும் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில், கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய ஒரு தாய், என் மோட்டார் சைக்கிள் இருக்கையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "என் மகனுக்குக் கிடைத்தால் போதும், சார்" என்றார். வகுப்பு நடந்தது. அவர் மகன் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் எழுதினான்.

உங்கள் மகள் முதலாம் படிவத்துக்குப் போகும் நாளில் அந்தப் பதினைந்தில் ஒரு கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும், அம்மா.

கேள்வி: நான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். எங்கள் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?
– ஒரு முதியவர், கோல சிலாங்கூர்

பதில்: ஐயா, உங்கள் வாயில் இருக்கும் சொற்களைக் கொடுங்கள். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), மங்கு (பால் வடியும் கிண்ணம்), லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை). இவற்றில் பாதியை உங்கள் பேரப்பிள்ளைகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கப்போவதில்லை. இருட்டில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றவர் நீங்கள். என் அம்மாவும் நின்றார். பள்ளி விடுமுறையில் நானும் அவரோடு போய் மங்கு துடைத்திருக்கிறேன். வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில், அறுந்துபோகாமல் உரித்தெடுப்பார். அதன் புளித்த வாடை பள்ளி திறந்த பிறகும் என் விரல்களை விட்டுப் போகாது.

பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல். நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை தன் கையால் தமிழில் எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்திக்கொள்ளலாம். நோட்டு நிறைந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பி வையுங்கள், ஐயா. என் அம்மாவிடம் கேட்காமல் விட்ட சொற்கள் அதில் இருக்கும்.