சர்ரேக்கு குடும்பத்தோட வர்றீங்களா? வீட்டுக்கு முன்னாடி ஸ்கூல் சீட்டைப் பாருங்க

கேள்வி: நாங்க சோழிங்கநல்லூர்ல இருக்கோம். வீட்டுக்காரருக்கு லண்டன் ஆபீஸுக்கு மாத்தல் ஆகியிருக்கு, ஆபீஸ் வாட்டர்லூ ஸ்டேஷன் பக்கத்துல, வாரத்துக்கு மூணு நாள் நேர்ல போகணும். ஜூலை கடைசியில கிளம்பறோம். பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு ஜூன்ல 5 முடியுது. ஊருக்குள்ள நெரிசல் வேண்டாம், மரம் செடியோட அமைதியா இருக்கட்டும்னு லண்டனை ஒட்டி தென்மேற்குல இருக்கற சர்ரே கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பக்கம் பாக்கறோம். அங்க காபம்ங்கற ஊர்ல ஒரு வீடு போட்டோல பாத்து ரொம்ப பிடிச்சுப்போச்சு. அதையே வாடகைக்கு எடுத்துடலாமா, இல்ல இங்க இருக்கற சேமிப்பை வெச்சு சீக்கிரமே ஒரு வீடு வாங்கிடறது நல்லதா?

பதில்: அந்த காபம் வீட்டுக்கு இப்பவே ஹோல்டிங் டெபாசிட் (வீட்டைப் பிடிச்சு வெக்கற முன்பணம்) எதுவும் கட்டிடாதீங்க. வீடு நல்ல வீடாவே இருக்கலாம், ஆனா நீங்க எழுதினதுல ஸ்கூல் பத்தி ஒரு வரி கூட இல்ல, உங்க வயசு பசங்களோட சர்ரே வர்ற குடும்பத்துக்கு எல்லாத்தையும் தீர்மானிக்கறது அதுதான். வீட்டை முதல்ல முடிச்சுட்டு ஸ்கூலை அப்புறம் தேடற குடும்பங்களை நான் நிறைய பாக்கறேன், பெரிய புள்ளைக்கு ஒரு ஊர்ல சீட்டு, சின்னதுக்கு நாலு மைல் தள்ளி இன்னொரு ஊர்ல சீட்டு, நடுவுல கார் ஓட்டத் தெரியாத அம்மா, நவம்பர் மழை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

இங்க கிளாஸ் எப்படி போடறாங்கன்னு சொல்லிடறேன். ஆகஸ்ட் 31தான் கணக்கு. அன்னைக்குள்ள 5 முடிஞ்ச குழந்தை செப்டம்பர்ல இயர் 1, அப்ப உங்க பொண்ணு இயர் 1, பையன் இயர் 5. ரெண்டு பேருமே ஸ்கூல் ஆரம்பிக்கற வகுப்புல சேரல, நடுவுல சேர்றாங்க, இதுக்கு பேரு இன்-இயர் அட்மிஷன். ரிசெப்ஷனுக்கு (இயர் 1க்கு முந்தின, ஸ்கூல் ஆரம்பிக்கற வகுப்பு) ஜனவரி 15, செகண்டரிக்கு அக்டோபர் 31னு கடைசி தேதி வெச்சு நடக்கற பெரிய சுற்று வேற, இது வேற. இதுல எந்த ஸ்கூல்ல அந்த வகுப்புல இடம் காலியா இருக்கோ அங்கதான் சீட்டு, ஸ்கூல் எவ்வளவு நல்லா இருந்தாலும் வாசல்லயே நீங்க குடியிருந்தாலும் இடம் இல்லன்னா வெயிட்டிங் லிஸ்ட்தான்.

பெரியவனுக்குத்தான் கஷ்டம்னு எல்லாரும் நினைக்கறாங்க, நிஜத்துல சின்னவளுக்குத்தான் கஷ்டம். ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 மூணுக்கும் ஒரு டீச்சருக்கு 30 பசங்கதான்னு சட்டமே இருக்கு, சில விதிவிலக்கு தவிர 31வது குழந்தையை சேக்க முடியாது, அப்பீல் போனாலும் அந்த வகுப்புகளுக்கு ஜெயிக்கறது ரொம்ப அரிது. இயர் 5க்கு அந்த சட்டம் கிடையாது, ஹெட் டீச்சர் மனசு வெச்சா ஒண்ணு ரெண்டு கூட சேத்துக்க வழி இருக்கு. அதனால தேடும்போது பொண்ணோட இயர் 1 சீட்டை வெச்சே ஊரை முடிவு பண்ணுங்க, அவளுக்கு கிடைச்ச ஸ்கூல்லயே அண்ணனுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் குடுத்தா, உடன்பிறப்பு அங்க படிக்கறதால லிஸ்ட்ல மேல வருவான்.

இன்னொரு விஷயம், சர்ரேல நிறைய ஊர்ல பிரைமரி ஸ்கூல் ரெண்டா பிரிஞ்சு இருக்கும். இன்ஃபன்ட் ஸ்கூல் இயர் 2 வரைக்கும், ஜூனியர் ஸ்கூல் இயர் 3லேர்ந்து 6 வரைக்கும். உங்க ரெண்டு பேரும் சரியா அந்த கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிக்கறாங்க. சில இடத்துல ரெண்டும் ஒரே காம்பவுண்ட், பிரச்சனையே இல்ல. சில இடத்துல ஒண்ணு ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கம், ஒரு கேட் 8:40க்கு திறக்கும், இன்னொண்ணு 8:50க்கு மூடும், நடந்து போக கால் மணி நேரம் ஆகும். போன்ல பேசும்போதே இதைக் கேட்டுடுங்க. முடிஞ்சா ரிசெப்ஷன்லேர்ந்து இயர் 6 வரைக்கும் ஒரே ஸ்கூலா இருக்கற இடமா பாருங்க.

போன்னு சொன்னேன்ல, அதை ஜூன்லயே பண்ணணும். ஜூலை மூணாவது வாரத்துல ஸ்கூல் மூடினா செப்டம்பர் முதல் வாரம்தான் திறப்பாங்க, நடுவுல ஸ்கூல் ஆபீஸ்ல போன் எடுக்க ஆள் இருக்காது. நீங்க ஜூலை கடைசியில வந்து இறங்கினா சரியா அந்த வெற்றிடத்துலதான் விழுவீங்க. அதனால சென்னையில இருக்கும்போதே பத்து பன்னெண்டு ஸ்கூலுக்கு போன் போட்டு, "செப்டம்பர்ல இயர் 1லயும் இயர் 5லயும் இடம் இருக்கா, வெயிட்டிங் லிஸ்ட்ல எத்தனை பேர்"னு கேளுங்க, ஆபீஸ்ல இருக்கறவங்க பொதுவா நல்லாவே பதில் சொல்வாங்க. அப்ளிகேஷன் சில ஸ்கூலுக்கு சர்ரே கவுன்டி கவுன்சில் வழியா போகும், சில அகாடமிக்கும் (அரசு பணத்துல தனி நிர்வாகம் நடத்தற ஸ்கூல்) சர்ச் ஸ்கூலுக்கும் நேரா அவங்க கிட்டயே குடுக்கணும், அதையும் அப்பவே கேட்டுக்கோங்க. விலாசத்துக்கு ப்ரூஃப்னு பெரும்பாலும் சைன் பண்ணின டெனன்சி அக்ரிமென்ட்தான் கேப்பாங்க. அப்ளை பண்ணினா அதிகபட்சம் 15 ஸ்கூல் நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு விதி இருக்கு. பக்கத்துல எங்கயுமே இடம் இல்லாம கவுன்சில் தூரத்துல ஒரு ஸ்கூல் குடுத்தா, 8 வயசுக்கு கீழ 2 மைலுக்கு மேல, அதுக்கு மேல உள்ளவங்களுக்கு 3 மைலுக்கு மேல இருந்தா, இடம் இருந்ததுலயே அதுதான் கிட்டக்க உள்ள ஸ்கூல்ங்கற பட்சத்துல, இலவசமா கூட்டிட்டுப் போற வசதி கேக்கலாம். நிறைய பேர் கேக்கறதே இல்ல.

பையனுக்கு லெவன் பிளஸ், அதாவது கிராமர் ஸ்கூல்ல சேர எழுதற நுழைவுத் தேர்வு, யோசனை இருந்தா, சர்ரே கவுன்டிக்குள்ள அரசு கிராமர் ஸ்கூல் கிடையாது, பக்கத்துல கிங்ஸ்டன்ல டிஃபின், சட்டன்ல வில்சன்ஸ், சட்டன் கிராமர், வாலிங்டன் கவுன்டி கிராமர் இருக்கு. இயர் 5 முடியற கோடையில ரெஜிஸ்டர் பண்ணி, இயர் 6 ஆரம்பத்துல செப்டம்பர்லயே டெஸ்ட். உங்க பையனுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் டைம் இருக்கு, வந்த முதல் மாசத்துலயே ட்யூஷன் கூட்டத்துல மாட்டிக்காதீங்க, அவன் முதல்ல இங்க காலூணட்டும். பிரைவேட் ஸ்கூல்னா 2025 ஜனவரிலேர்ந்து ஃபீஸ்ல 20 சதவீதம் வாட் சேருது, கம்பெனி குடுத்தா ஒழிய அந்தப் பக்கம் போகாதீங்க.

இப்ப ஊர் விஷயம். காபம், வேப்ரிட்ஜ், ஈஷர் இதெல்லாம் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குன்னே விளம்பரம் பண்ற ஊர், ஏன்னா காபம்லயே ஏசிஎஸ் இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கு, கம்பெனி வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் காரும் குடுத்து அனுப்பின எக்ஸிகியூட்டிவ் குடும்பங்களுக்கு அது பொருந்தும். உங்க போட்டோல தெரியாத ஒண்ணு சொல்றேன், காபம் ஸ்டேஷன் காபம் கடைத்தெருவுல இல்ல, ஒரு மைலுக்கு மேல தள்ளி ஸ்டோக் டாபர்னன்ல இருக்கு. ரெண்டு கார் இல்லாம அங்க குடும்பம் நடத்தறது சிரமம்.

சர்ரேல இந்தப் பச்சை இப்படியே நிக்கறதுக்கு காரணம் கவுன்டில முக்கால்வாசி கிரீன் பெல்ட், கட்டடம் கட்ட விடமாட்டாங்க, அஞ்சுல ஒரு பங்குக்கு மேல காடு. அதே காரணத்தாலதான் வாடகையும் ஏறிப்போய் கிடக்கு, பஸ்ஸும் கம்மி. மரம் எங்க போனாலும் இருக்கும், அதை நினைச்சு உள்ளடங்கின கிராமத்துக்குள்ள போய் உக்காந்துக்க வேண்டாம், ஸ்டேஷனுக்கும் ஸ்கூலுக்கும் நடக்கற தூரம்னு ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள தேடுங்க. கிராமத்துல சில வீட்டுக்கு கேஸ் லைன் கூட இருக்காது, ஹீட்டிங்குக்கு எண்ணெய் டாங்க் நிரப்பணும். தேம்ஸ் ஓரத்துல செர்ட்சி, எகம், ஸ்டெய்ன்ஸ் பக்கம் 2014 ஆரம்பத்துல பெரிய வெள்ளம் வந்துச்சு, அங்க வீடு பாத்தா அரசாங்க சைட்ல போஸ்ட்கோடு போட்டு வெள்ள அபாயம் பாத்துடுங்க.

நான் உங்க இடத்துல இருந்தா ரெண்டு பக்கம் பாப்பேன். ஒண்ணு வோக்கிங். வாட்டர்லூக்கு ஃபாஸ்ட் ட்ரெயின் அரை மணி நேரத்துக்குள்ள, அடுத்தடுத்து வண்டி இருக்கு, ஊர்ல தெற்காசிய மக்கள் ரொம்ப காலமா இருக்காங்க, 1889ல கட்டின ஷாஜகான் மசூதி அங்கதான், அதனால பருப்பு அரிசி மசாலாவுக்கு அலைய வேண்டாம். 2023 ஜூன்ல வோக்கிங் பரோ கவுன்சில் கடன்ல மூழ்கி திவால் நோட்டீஸ் விட்டுச்சுன்னு கூகிள்ல பாத்து பயந்துடாதீங்க, ஸ்கூல் அந்த கவுன்சில் கையில இல்ல, கவுன்டி கவுன்சில் கையில இருக்கு. இன்னொண்ணு எப்சம், யூவல், ஸ்டோன்லி பக்கம், உங்களுக்கு நான் கொஞ்சம் கூடுதலா சொல்றது இதைத்தான். ட்ரெயின் வோக்கிங்கை விட மெதுவு, எப்சம்லேர்ந்து வாட்டர்லூக்கு நாப்பது நிமிஷம் பக்கம், ஆனா லண்டன் டிக்கெட் ஸோன் 5, 6க்குள்ள வர்றதால பேங்க் கார்டைத் தட்டிட்டே போயிடலாம். ஸ்டோன்லில ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் இருக்கு, நியூ மால்டன், டூட்டிங் பக்கம் இலங்கைத் தமிழ் கடைகள் எட்டற தூரம், முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் கிடைக்கும். வீட்டுக்காரர் ஆபீஸ் போன நாள்ல நீங்களும் பசங்களும் எங்க போவீங்கங்கறதையும் யோசிச்சுத்தான் சொல்றேன், டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும், தெருவுல ஆள் நடமாட்டமே இருக்காது, அப்ப பக்கத்துல நாலு பேர் தெரிஞ்சவங்க இருக்கறது பெரிய பலம்.

வோக்கிங் எடுத்தீங்கன்னா அவருக்கு வாரம் மூணு நாளுக்கு வருஷ சீசன் டிக்கெட் உடனே வாங்க வேண்டாம். ஃபிளெக்ஸி சீசன்னு இருக்கு, 28 நாளுக்குள்ள 8 நாள் போய்வரலாம், தீந்ததும் அடுத்தது வாங்கிக்கலாம், முதல் ரெண்டு மாசம் அதுல ஓட்டிட்டு அப்புறம் மாச சீசனோட ஒப்பிட்டுப் பாருங்க. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் தண்டவாளத்துல இலை விழுந்து சக்கரம் வழுக்கும், வண்டி லேட்டாகும், முக்கியமான மீட்டிங் அன்னைக்கு ஒரு வண்டி முன்னாடியே கிளம்பச் சொல்லுங்க.

வாடகை பத்தி உங்க சொந்தக்காரங்க பழைய கதை சொல்லியிருப்பாங்க, "இங்க கிரெடிட் ஹிஸ்டரி இல்ல, ஆறு மாச வாடகையை மொத்தமா கட்டினா வீடு கிடைக்கும்"னு. 2026 மே 1லேர்ந்து இங்கிலாந்துல அது நடக்காது. புது ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டப்படி அக்ரிமென்ட்டுக்கு முன்னாடி முன்பணமா வாடகை வாங்கவே கூடாது, சைன் ஆனப்புறமும் ஒரு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாது. அதனால வேற வழிக்கு இப்பவே தயாராகணும். ஏஜென்ட் பொதுவா மாச வாடகையைப் போல 30 மடங்கு வருஷ சம்பளம் இருக்கான்னு பாப்பாங்க, 2,000 பவுண்டு வாடகைன்னா 60,000 பவுண்டு சம்பளம். அது பத்தலன்னா நீங்க வாடகை கட்டலன்னா தான் கட்டறேன்னு கையெழுத்து போடற, இங்க இருக்கற ஒரு கேரன்டர் கேப்பாங்க. கம்பெனியே கேரன்டரா நிக்குமான்னு எச்ஆர் கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே கேளுங்க, சம்பளம் போட்ட லெட்டர் ஒண்ணும் வாங்கிக்கோங்க. அதே சட்டத்துல நமக்கு நல்லதும் இருக்கு, விளம்பரத்துல போட்ட வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, குழந்தை இருக்குன்னு சொல்லி வீடு மறுக்கக் கூடாது, எப்ப வேணாலும் ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்துட்டு நீங்க கிளம்பலாம். அதனால முதல் வீடு கனவு வீடா இருக்கணும்னு அவசியமே இல்ல. டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல போகாது, வருஷ வாடகை 50,000 பவுண்டு தாண்டினா ஆறு வாரம், நம்ம ஊர் பத்து மாச அட்வான்ஸ் பாத்தவங்களுக்கு இது பெரிய நிம்மதி. வாடகைக்கு மேல கவுன்சில் டாக்ஸ்னு உள்ளாட்சி வரி வேற வரும், வீட்டு மதிப்பை வெச்சு பேண்ட் பிரிச்சிருப்பாங்க, சர்ரேல நடுத்தரமான பேண்ட் டி வீட்டுக்கு வருஷத்துக்கு 2,300 பவுண்டுக்கு மேல, அதை நீங்கதான் கட்டணும், வாடகையில சேந்திருக்காது. நேர்ல பாக்காம எதையும் சைன் பண்ணாதீங்க, வந்ததும் ஒரு மாசம் சர்வீஸ் அபார்ட்மென்ட்ல இருந்துட்டு, வீடு பாக்கும்போது பாத்ரூம் மூலையிலயும் பீரோவுக்குப் பின்னாடி சுவர்லயும் கறுப்பா பூசணம் இருக்கான்னு நகத்தால சுரண்டிப் பாருங்க, புதுசா பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க.

கார் லைசன்ஸ். இந்திய லைசன்ஸை வெச்சு வந்த நாள்லேர்ந்து 12 மாசம் ஓட்டலாம், அதுக்கப்புறம் செல்லாது, மாத்திக் குடுக்கவும் மாட்டாங்க, தியரி பிராக்டிகல் ரெண்டும் எழுதி பாஸ் பண்ணணும். பிராக்டிகல் தேதி கிடைக்கவே மாசக்கணக்குல ஆகுது, அதனால முதல் மாசமே புரொவிஷனல் லைசன்ஸுக்கு (நம்ம ஊர் எல்எல்ஆர் மாதிரி) போட்டு தியரியை முடிச்சுடுங்க, நீங்களும் கூடவே எடுங்க, அவர் மட்டும் எடுத்தா போதும்னு விடாதீங்க.

வந்த வாரமே பக்கத்து ஜிபி சர்ஜரில (குடும்ப டாக்டர் கிளினிக்) நாலு பேரையும் பதிஞ்சுடுங்க, விசாவோட ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பீங்க, பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035, குழந்தைக்கு 776 பவுண்டு, அதனால பதிய தனி காசு கிடையாது, பசங்களோட தடுப்பூசி அட்டையை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க. யாருக்காவது மூக்கு அலர்ஜி இருந்தா ஏப்ரல்ல பர்ச் மரப் பூந்தூள், மே ஜூன்ல புல் பூந்தூள் கொஞ்சம் படுத்தும்.

கடைசியா வீடு வாங்கற கேள்வி. முதல்ல அவரோட விசா எதுன்னு பாருங்க. ஸ்கில்டு வொர்க்கர்னா நிரந்தரமா தங்கறதுக்கு வழி இருக்கு, அதுக்கான வருஷக் கணக்கை அஞ்சுலேர்ந்து பத்தா ஆக்கணும்னு 2025 மே மாச வெள்ளை அறிக்கையில அரசாங்கம் சொல்லியிருக்கு, அதனால நீங்க கிளம்பற நேரத்துல இருக்கற விதியைப் பாத்துக்கணும். கம்பெனிக்குள்ள மாத்தல்னு சொன்னதால அது குளோபல் பிசினஸ் மொபிலிட்டி விசாவா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அதுல எத்தனை வருஷம் இருந்தாலும் நேரா செட்டில்மென்ட் கிடையாது. ரெண்டு விசாலயும் துணைக்கு வர்ற நீங்க வேலைக்குப் போகலாம். அப்புறம் முத்திரை வரி. வாங்கறதுக்கு முந்தின 12 மாசத்துல 183 நாளாவது இந்த நாட்டுல இல்லாதவங்களுக்கு 2 சதவீதம் கூடுதல், இதைவிடப் பெருசு இன்னொண்ணு, உங்க பேர்லயோ அவர் பேர்லயோ உலகத்துல எங்க வீடு இருந்தாலும் இது ரெண்டாவது வீடுன்னு எடுத்துக்கிட்டு 5 சதவீதம் கூடுதல். சோழிங்கநல்லூர் ஃபிளாட் உங்க சொந்தம்னா, இங்க 500,000 பவுண்டுக்கு வீடு வாங்கும்போது அந்த ஒரு காரணத்துக்கே 25,000 பவுண்டு அதிகமா போகும். ஃபிளாட்டை விக்கறதா வெச்சுக்கறதாங்கறதை, இங்க வீடு தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சொலிசிட்டரோட உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க.