அரை டம்ளர் காபிக்கா ஸ்கேன் எடுக்காமல் அனுப்பினார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. பத்து வருடமாக சுகர். சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்பதால் வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போனோம். காலையில் அரை டம்ளர் காபி குடித்திருந்தார் என்பதற்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "வெறும் வயிற்றோடு, யூரினை அடக்கிக்கொண்டு வாங்க" என்கிறார்கள். சுகர்காரர் எப்படிப் பட்டினி கிடப்பது? கதிர்வீச்சு வேறு பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு பஸ் மாறிப் போனவர்களை அப்படி அனுப்பினால் கோபம் வரத்தான் செய்யும். டோக்கன் போடும்போதே யாராவது விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் வலி இருக்கும் இடத்தைப் பார்த்தால், அந்தக் காபியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த மாதிரி வலிக்கு டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது பித்தப்பைக் கல்லைத்தான். ஈரலுக்கு அடியில் இருக்கும் சின்னப் பை அது. வெறும் வயிற்றில் பித்தநீர் நிரம்பி உப்பியிருக்கும். திரையில் அந்த நீர் கறுப்பாகத் தெரியும்; கல் இருந்தால் உள்ளே வெள்ளையாக, பின்னால் ஒரு நிழலோடு பளிச்சென்று தெரியும். பாலோ நெய்யோ எண்ணெயோ வயிற்றுக்குள் போனால் பை சுருங்கி, பித்தநீரைக் குடலுக்குள் தள்ளிவிடும். சுருங்கிய பையில் சின்னக் கல் கண்ணில் படாமல் போகலாம். பையின் சுவரும் தடித்ததுபோலத் தெரிந்து, இல்லாத வியாதியைக் காட்டும். அதனால்தான் 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம்.

இன்னொரு காரணம் வாயு. அம்மாவுக்கு எடுக்கும் இந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் கருவி அனுப்புவது ஒலி அலை. காற்று குறுக்கே வந்தால் அது உள்ளே போகாது. குடலில் வாயு இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கணையம் மறைந்துவிடும். வயிற்றில் ஜெல் தடவுவதும் தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று நிற்காமல் இருக்கத்தான். முந்தின ராத்திரி மொச்சை, சுண்டல், சோடா வேண்டாம்.

சரி, சுகருக்கு வருவோம். காலையில் முதல் டோக்கனாகக் கேட்டு வாங்குங்கள். சுகர் இருப்பதைச் சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள். முந்தின இரவு எப்போதும் போலச் சாப்பிடட்டும். சாப்பிடாமல் சில சுகர் மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டால் சுகர் சட்டென்று இறங்கிவிடலாம். எதைத் தள்ளிப்போடுவது, இரவு இன்சுலின் இருந்தால் எவ்வளவு போடுவது என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாம். டிபன் பாக்ஸும் கொஞ்சம் சர்க்கரையும் கையில் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரையை வாயில் போடச் சொல்லுங்கள். ஸ்கேனை மறுநாள்கூட எடுத்துக்கொள்ளலாம்.

யூரினை அடக்கச் சொல்வது அடிவயிற்றுக்காக. மூத்திரப்பை நிரம்பினால் குடலை ஒதுக்கிவிடும். கர்ப்பப்பையும் சினைப்பையும் அதன் வழியாகத் தெளிவாகத் தெரியும். ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து டம்ளர் தண்ணீர் போதும். உயிர் போகிற மாதிரி அடக்கத் தேவையில்லை. முடியவில்லை என்றால் சொல்லிவிட்டுப் போகலாம். மேல்வயிற்றைப் பார்க்க அது அவசியமும் இல்லை.

கதிர்வீச்சு பயத்தை விட்டுவிடுங்கள். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும்தான் அது உண்டு. இதில் இருப்பது வெறும் ஒலி, நம் காதுக்குக் கேட்காத அளவு அதிர்வு கொண்டது. வயிற்றுக் குழந்தைக்கே இதைத்தானே எடுக்கிறார்கள்?

பழைய ரிப்போர்ட்டுகளையும் டாக்டர் சீட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். (கழுத்தில் தைராய்டு ஸ்கேன் எடுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அதற்குப் பட்டினியே வேண்டாம்.)

உள்ளே போனதும் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார்கள். அப்போதுதான் ஈரலும் பித்தப்பையும் விலாவுக்குக் கீழே இறங்கி வரும். இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னால், கல் உருளுகிறதா என்று பார்க்கிறார்கள். கருவியை அழுத்தும்போது வலித்தால் நம் அம்மாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். அப்படி இருக்க வேண்டாம், வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பித்தப்பை அழற்சிக்கு அந்த வலியே ஒரு தடயம்.

இதற்கிடையே காய்ச்சல், விடாத வாந்தி, கண்ணில் மஞ்சள் என்று ஏதாவது வந்தாலோ, வலி குறையாமல் மணிக்கணக்கில் நீடித்தாலோ, டோக்கனுக்காகக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவசரம் என்றால், காபி குடித்திருந்தாலும் ஸ்கேன் எடுப்பார்கள்.