அமைச்சர் மாறினால் நம் நாற்காலி ஆடுமா? டெல்லிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

மதுரையிலிருந்து வந்து, இங்கே ஒரு மத்திய அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆன தம்பி கேட்டிருக்கிறார்: “அமைச்சரவை மாற்றம் வருகிறது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. எங்கள் அமைச்சர் போய்விட்டால் எனக்கு ஏதாவது ஆகுமா? யாரை எடுப்பது, யாரைக் கழிப்பது என்று பிரதமர் எப்படி முடிவு செய்கிறார்?”

தம்பி, உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அமைச்சரோடு மூட்டை கட்டுகிறவர்கள் அவர் கூட்டி வந்த ஆட்கள்தான். அதனால் “மினிஸ்டர் ஆபீஸுக்கு வர்றியா?” என்று யாராவது கூப்பிட்டால், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து பதில் சொல்லுங்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மாற்றம் வந்தது. சாயங்காலம் பியூன் ஸ்குரூடிரைவரோடு வந்து பித்தளைப் பெயர்ப்பலகையைக் கழற்றினார். கதவில் நாலு ஓட்டை. பக்கத்தில் அதற்கு முந்தைய பலகைகளின் ஓட்டைகள், மெழுகு வைத்து அடைத்தது. பயந்துபோய் நின்ற என்னிடம், “சாய் பியோகே?” (டீ குடிக்கிறியா?) என்றார். அவ்வளவுதான் அவருக்கு அது.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். அரசியல் சாசனத்தின் 75ஆவது பிரிவு சொல்வது, பிரதமரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் மற்ற அமைச்சர்களை நியமிப்பார் என்று. படிப்பு, அனுபவம், எந்த மாநிலம் என்று எதுவும் கேட்பதில்லை. எம்.பி.யாக இல்லாதவரையும் வைக்கலாம், ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவைக்கு வந்துவிட வேண்டும். 1991 ஜூனில் மன்மோகன் சிங் நிதியமைச்சரானது அப்படித்தான், அசாமிலிருந்து மாநிலங்களவைக்கு வந்தது அக்டோபரில். நம் எல். முருகன் 2021 ஜூலையில் இணையமைச்சராகி, பிறகு மத்தியப் பிரதேசத்திலிருந்து எம்.பி. ஆனார்.

தலைக்கணக்குக்கு மட்டும் 2003இல் 91ஆவது திருத்தம் வேலி போட்டது. பிரதமரையும் சேர்த்து, மக்களவை எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 543க்கு 81 பேர். 2024 ஜூன் 9 அன்று பதவியேற்றது பிரதமரோடு 72 பேர். ஒன்பது இடம் மிச்சம். மிச்சம் வைப்பதே ஒரு சாமர்த்தியம் என்பது என் எண்ணம். இலை போடுவார்கள் என்று காத்திருப்பவன் பந்தியைக் குறை சொல்ல மாட்டான்.

கூட்டணி என்றால் கதை வேறு. 2009 மே மாதம் இலாகா பேச்சு படியாமல், மே 22 பதவியேற்பில் திமுக சேரவில்லை. பேசி முடித்து 28ஆம் தேதி சேர்ந்தார்கள். அந்த வாரம் முழுக்க செக்ஷனில் என்னைப் பார்த்தவர்களெல்லாம், “ஆப்கே லோக் மானே க்யா?” (உங்க ஆளுங்க ஒத்துக்கிட்டாங்களா?) என்று கேட்டார்கள். நான் என்னமோ கோபாலபுரத்திலிருந்து நேராக வருகிற மாதிரி!

பதவியேற்பைப் பார்த்து மயங்காதீர்கள், இலாகாப் பட்டியலைப் படியுங்கள். அதில் இப்போதைய பிரதமர் பெயருக்கு நேரே பணியாளர் நலன், அணுசக்தி, விண்வெளி, அப்புறம் “முக்கியமான கொள்கை விவகாரங்கள் அனைத்தும்”, யாருக்கும் ஒதுக்காத மற்ற துறைகள் என்று இருக்கும். எது முக்கியம் என்று யார் சொல்வது? அவர்தான். உங்கள் அமைச்சகச் செயலரைத் தேர்ந்தெடுப்பதும் உங்கள் அமைச்சர் இல்லை. நியமனங்களுக்கான அமைச்சரவைக் குழு. அதில் இருப்பது பிரதமரும் உள்துறை அமைச்சரும் மட்டும். பிரதமர் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் உங்கள் செயலர் ஏன் எழுந்து நிற்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.

பெரிய முடிவுகள் அமைச்சரவைக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டு அலுவல் விதிகள். ஆனால் அதே விதிகளில் 12ஆவது விதி, தேவைப்பட்டால் பிரதமர் விலக்கு தரலாம் என்கிறது. 2019 நவம்பர் 23 விடியற்காலையில் மகாராஷ்டிராவில் குடியரசுத் தலைவர் ஆட்சியை நீக்கியது இந்த வழியில்தான். அமைச்சரவை அதற்குக் கூடவே இல்லை.

மாற்றம் வரும் அன்று லீவு மட்டும் போடாதீர்கள். புது அமைச்சருக்கு உங்கள் பிரிவின் நிலுவைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், அதை நாலு பேர் திருத்துவார்கள், ராத்திரியாகிவிடும். கடைசி மெட்ரோ நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.